சிங்கப்பூரில் பருவம் மாறுவதை எங்கே பார்ப்பது? புரட்டாசி முதல் மார்கழி வரை

கேள்வி: "திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பொங்கோலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். செப்டம்பர் பிறந்தாலே கனடாவில் இருக்கும் என் அக்கா, சிவந்த மேப்பிள் இலைகளைப் படம் பிடித்து அனுப்ப ஆரம்பித்துவிடுவார். பதிலுக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. இங்கே வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. இந்த மாதங்களில் கவனித்து ரசிக்கவும் நாலு பேரிடம் சொல்லவும் சிங்கப்பூரில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. வருடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவை இந்த நான்கு மாதங்கள்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. பகல் குறைவதாலும் குளிர் ஏறுவதாலும் அக்கா ஊரில் இலை சிவக்கிறது. இரண்டும் இங்கே நடப்பதில்லை. இங்கே பருவத்தை மாற்றுவது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. நடுவே அக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் சேராமல் தயங்கி நிற்கிறது. நான் சொல்லப் போகும் மழை, பூ, பறவை எல்லாமே அந்தத் தயக்கத்தை ஒட்டி நடப்பவை. அதைத் தெரிந்துகொண்டால் ஒன்றைப் பார்த்ததும் அடுத்தது எப்போது வரும் என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

முதலில் வெயில். செப்டம்பர் 19, 20 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. பன்னிரண்டு மணிக்கு வெளியே போய் நிற்காதீர்கள், சிங்கப்பூரில் உச்சிப்பொழுது அப்போது வராது. அந்த நாட்களில் அது 12:58 வாக்கில். வானம் தெளிந்திருந்தால் கீழே இறங்கி, புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) வாசலில் இருக்கும் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். நிழல் கம்பத்தின் காலடியிலேயே ஒடுங்கிப்போயிருக்கும். நம் நிழலும் செருப்புக்கு வெளியே அதிகம் எட்டிப் பார்க்காது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் பார்த்துவிடலாம், ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினால் ஒரு வருடம் கழித்தும் நினைவு வைத்திருப்பார்கள்.

அந்த நாளோடு சூரியன் தெற்கே போய்விடும். மார்ச் 23, 24 வரை வடக்கே திரும்பாது. இது உங்கள் வீட்டுக்குள்ளேயே தெரியும். காலை, மாலை வெயில் நேராக உள்ளே விழக் கூடாதென்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகள் பலவற்றை வடக்கும் தெற்கும் பார்த்தபடி கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஜூன், ஜூலையில் வடக்கு ஜன்னலை எட்டிப் பார்த்த வெயில் அக்டோபரில் தெற்கு ஜன்னலுக்கு இடம் மாறிவிடும். உங்கள் அடுப்படி தெற்குப் பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். மழை மாதங்களில், காலையில் அடிக்கும் கொஞ்ச நேர வெயிலும் துணி காயப்போடும் கழிமேல் நேராக விழும். டிசம்பர் 21 வாக்கில் உச்சிப்பொழுதில் நின்று பாருங்கள்: உங்கள் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான நிழல் வடக்கே நீண்டிருக்கும்.

விடியலிலும் ஒரு விஷயம் இருக்கிறது, பலர் உணர்ந்திருப்பார்கள், காரணம் யோசித்திருக்க மாட்டார்கள். பிப்ரவரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கும்போது இன்னும் கும்மிருட்டாக இருக்கும். சூரியன் 7:16 வாக்கில்தான் உதிக்கும். நவம்பர் தொடக்கத்தில் 6:46 வாக்கிலேயே உதித்துவிடும். முழுதாக அரை மணி நேரம். ஆனால் பகல் நீளவில்லை, சாயங்காலமும் அதே அளவு முந்திக்கொள்கிறது; பிப்ரவரியில் 7:20 வரை இருக்கும் சூரியன் நவம்பரில் 6:50க்கு மறைந்துவிடும். பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றாததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் தன் சராசரி நேரத்தைவிட 16 நிமிடம் முந்தி ஓடுகிறது, பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்தி வருகிறது. சிங்கப்பூரின் கடிகாரமே தன் இடத்துக்குரிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால் ஓடுவது. மலேசியாவோடு ஒத்துப்போக 1982 ஜனவரி முதல் இன்னும் அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் இந்த ஊரில் விடிகாலை நடைக்கு ஏற்ற மாதம் நவம்பர்தான். ஆறரைக்கு இறங்கினால் வெளிச்சம் வந்துகொண்டிருக்கும், தரை முந்தின நாள் மழையில் இன்னும் ஈரமாக இருக்கும்.

சரி, காற்றுக்கு வருவோம். செப்டம்பர் காற்றுக்கு ஒரு கெட்ட முகமும் உண்டு. தென்மேற்கிலிருந்து வீசும் வரை இந்தோனேசியாவின் சுமாத்ரா தீவில் காடும் கரிநிலமும் (மக்கிய செடிகொடிகள் படிந்த சதுப்பு நிலம்) எரிந்தால் புகை நேராக இங்கேதான் வரும். 2015இல் அது உச்சத்துக்குப் போய், செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லாவற்றையும் மூடினார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஈரத்துணியின் வாடையோடு வீட்டுக்குள் கிடந்த நாட்கள் அவை. அதைப் பட்டவர்களுக்கு அக்டோபர், நவம்பர் மழை எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். காற்று திசை மாறி, முதல் பெரிய மழை கொட்டி ஓய்ந்த பிறகு பத்தாவது மாடியிலிருந்து பார்த்தால் தூரத்துப் புளோக்கின் ஓரங்கள்கூடக் கூர்மையாகத் தெரியும். எனக்கு இந்தப் பருவம் தொடங்குவது அந்த நாளில்தான்.

மழையிலும் வகை இருக்கிறது, பிரித்துப் பார்க்கப் பழகினால் சுவாரஸ்யம் கூடும். விடிவதற்கு முன் திடீரென்று காற்று ஓலமிட, கதவு அடித்துக்கொள்ள, ஒன்றிரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டுப் போகிறதே, அது சுமாத்ரா சூறை. இரவில் சுமாத்ரா, மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு கிழக்கே வருவது. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு இடியோடு வருவது வேறு. காற்று பலமில்லாத அக்டோபர், நவம்பரில், காய்ந்த தரையை நோக்கி நாலு பக்கத்துக் கடற்காற்றும் உள்ளே வந்து தீவின் நடுவே மோதி மேலே எழும்புவதால் உண்டாகும் மழை. பொங்கோலில் கொட்டும்போது ஜூரோங்கில் வெயில் அடிக்கும் மழை இதுதான். அப்புறம் டிசம்பரில் வருவது மூன்றாம் வகை: இடியில்லாமல், அவசரமில்லாமல், இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும் வடகிழக்குப் பருவமழை.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடைசி மழை அந்நியம் இல்லை. "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே. அதே வடகிழக்குக் காற்றுதான், அதே மழைப்பட்டைதான். தமிழ்நாட்டை ஐப்பசி, கார்த்திகையில் நனைக்கும் அந்தப் பட்டை, சூரியனைத் தொடர்ந்து தெற்கே நகர்ந்து மார்கழி வாக்கில் இங்கே கனத்துப் பெய்கிறது. திருச்சியில் அம்மாவிடம் பேசும்போது "இங்கே ஒரு வாரமாக விடவில்லை" என்று அவர் சொன்னால், "கொஞ்ச நாளில் இங்கேயும் வந்துவிடும்" என்று நீங்கள் சொல்லலாம். அநேகமாகப் பலிக்கும்.

இப்போது உங்கள் அக்காவுக்கு அனுப்ப வேண்டிய படம். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். பறவைக்கூடு பெரணிகளுக்கு இடையில், பச்சைக் குச்சிகள் கற்றையாகத் தொங்கும். அடிப்பாகம் மட்டும் சற்றுப் பருத்து, மேலே மெலிந்து, ஏதோ காய்ந்த செடி என்று தாண்டிப் போகத் தோன்றும். அது புறா ஆர்க்கிட். இந்த மண்ணின் ஆர்க்கிட், யாரும் நடாமல் தானாக வளர்வது. அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்து அப்படியே உறங்கிக் கிடக்கும். பெருமழை பெய்து வெப்பநிலை சட்டென்று ஐந்து பாகை அளவு இறங்கினால் அவை விழித்துக்கொள்ளும். அதிலிருந்து ஒன்பதாம் நாள் பூக்கும். ஒரு செடி மட்டும் பூப்பதில்லை, அந்த மழை நனைத்த வட்டாரம் முழுக்க ஒரே காலையில் பூக்கும். வெள்ளைப் பூ, உதட்டில் மஞ்சள் தீற்றல், பக்கவாட்டில் பார்த்தால் இறக்கை விரித்த புறா. மெல்லிய வாசனையும் உண்டு. சாயங்காலத்துக்குள் வதங்கிவிடும்.

நானும் இதைக் கேள்விப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தன் வீட்டு வாசலில் ஒரு மரத்துண்டில் அதைக் கட்டி வைத்திருந்தார். "நல்ல மழை பெய்தால் நாள்காட்டியில் கோடு போட்டு வை" என்றார். வெயில் கொளுத்திய நாளில் திடீரென்று குளிரக் குளிரப் பெய்த மழைகள்தான் கணக்கு. தூறலுக்கு அது மசியாது. இதற்கு மழைக்காலம்தான் என்றில்லை, எந்த மாதத்திலும் பூக்கும். ஆனால் அக்டோபர், நவம்பரில் அப்படிப்பட்ட பிற்பகல் மழைகள் அடுத்தடுத்து வருவதால் வாய்ப்பு அதிகம். ஒன்பதாம் நாள் காலை வேலைக்குப் போகும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் உடனே படம் எடுத்துவிடுங்கள், வீடு திரும்பும்போது இருக்காது. மேப்பிள் வாரக்கணக்கில் நிற்கும், இது ஒரே பகல். ஊர் முழுக்க எத்தனை பேர் அன்றைக்கு மேலே பார்க்காமல் அதன் கீழே நடந்து போகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும். அதனாலேயே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

படத்தில் பிடிபடாத ஒன்றும் உண்டு: தெம்புசு மரத்தின் வாசனை. வருடத்தில் இரண்டு முறை, மே, ஜூனிலும் பிறகு அக்டோபர், நவம்பர் வாக்கிலும் பூக்கும். வெண்மையாக விரிந்து, வயதாக ஆக மஞ்சளாகும் சின்னப் பூக்கள். இருட்டத் தொடங்கியதும் வாசனை இறங்கும். பூ எங்கே என்று தெரியாமல் வாசனை மட்டும் வந்தால், ஆழமாக வெடித்த பட்டையுள்ள உயரமான மரத்தைத் தேடுங்கள். உங்கள் பையிலும் ஒரு தெம்புசு இருக்கக்கூடும்: ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டின் பின்பக்கத்தில், தாழ்ந்து நீண்ட கிளையோடு இருக்கும் மரம் அதுதான். நிஜ மரம் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், புல்வெளி நடுவே நிற்கிறது. பூங்கா 1859இல் அமைந்தது, மரம் அதற்கும் மூத்தது என்கிறார்கள். கிளையில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஏறி உட்கார்ந்து பாரம் தாங்காதென்று இப்போது சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்குப் போய், வேலிக்கு வெளியே புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்தால் போதும்.

இலை சிவந்தே ஆக வேண்டும் என்றால் கெத்தாப்பாங் மரத்தைப் பாருங்கள், நம் ஊரில் நாட்டு வாதாம் என்போமே, அது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நிறைய. வருடத்தில் இரண்டு முறை வாக்கில் இலை மஞ்சளாகி, செக்கச்சிவந்து உதிரும். எல்லா மரமும் ஒரே நேரத்தில் உதிர்ப்பதில்லை, ஒன்று மொட்டையாக நிற்கும்போது பக்கத்து மரம் பச்சைப்பசேலென்று இருக்கும். சண்டை மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த சருகைப் பொறுக்கிப்போய்த் தொட்டியில் போடுவார்கள். சருகின் துவர்ப்பு இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனுக்கு அது நல்லது என்பது அவர்கள் அனுபவம்.

பறவைகளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. மழைக்குப் பிந்தைய மாலையில் ஈசல் கிளம்பி விளக்கைச் சுற்றினால் வீட்டில் எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டு முணுமுணுப்பார்கள். இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டால் பால்கனிக்குப் போய் வானத்தைப் பாருங்கள். பச்சைப் பறவைகள், நீண்ட வாலோடு, "ப்ரீப் ப்ரீப்" என்று உருட்டிக் கூவிக்கொண்டே எழும்பி, வளைந்து, பூச்சியைப் பிடித்துத் திரும்பும். பஞ்சுருட்டான்கள். இதில் ஓர் அழகான ஆள்மாற்றம் நடக்கிறது. மார்ச் முதல் இங்கே குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். செப்டம்பர் வாக்கில் அது கிளம்பிவிடும். அதே கிளைக்கு, அதே ஆண்டெனாவுக்கு, வடக்கிலிருந்து நீலவால் பஞ்சுருட்டான் வந்து சேரும், ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும். தொண்டை நீலமா, வால் மட்டும் நீலமா என்று பார்த்தாலே எந்தப் பருவம் என்று சொல்லிவிடலாம்.

பெரிய வருகையைப் பார்க்க சுங்கை பூலோவுக்குப் போக வேண்டும். கிராஞ்சிப் பக்கம் இருக்கும் அலையாத்திக் காடு. 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா வரையுள்ள வடக்கு நிலங்களில் குஞ்சு பொரித்த கரைப்பறவைகள் ஆஸ்திரேலியா வரை போகும் வழியில் இங்கே இறங்குகின்றன, சில இங்கேயே தங்கிவிடுகின்றன. பவளக்காலி, பச்சைக்காலி, பொன்னிற உப்புக்கொத்தி, கீழ்நோக்கி வளைந்த அலகோடு இன்னொரு பறவை. உப்புக்கொத்தியை நன்றாகப் பாருங்கள்: செப்டம்பரில் வந்திறங்கும் சிலவற்றின் வயிற்றில் இன்னும் கறுப்புத் திட்டுகள் இருக்கும். அது இனப்பெருக்க காலத்து உடை. நாள் போகப்போக உதிர்ந்து உடம்பு முழுக்கப் பொன்பழுப்பாகிவிடும். மார்ச், ஏப்ரலில் கிளம்பும் முன் மறுபடி கறுக்கும். அதன் எடை 150 கிராம்கூட இருக்காது. அந்த உடம்போடு கடலையும் கண்டத்தையும் தாண்டி வந்து சேற்றில் நடந்துகொண்டிருப்பதை நேரில் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாகவே இருக்கிறது.

போகும் முன் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் ஏமாந்து திரும்புவது இதனால்தான். கடல் வற்றியிருக்கும்போது பறவைகள் ஜொகூர் நீரிணையின் சேற்றுப்பரப்பில் தொலைவில் சிதறி மேயும், வெறும் புள்ளிகளாகத் தெரியும். நீர் ஏறியதும் மேய இடமில்லாமல் காட்டுக்குள் இருக்கும் குட்டைகளுக்குக் கூட்டமாக வந்து ஓய்வெடுக்கும். பார்வை மறைப்புக் குடில்களிலிருந்து அப்போது வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். காலையில் ஏற்றம் வரும் நாளாகத் தேர்ந்தெடுத்துப் போங்கள். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். முதலை நடமாட்டமும் உண்டு, பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

இனி மனிதர்கள். புரட்டாசி பிறந்ததும் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம் தொடங்கிவிடும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பலர் கவனிக்காதது பக்கத்தில் இருக்கிறது. சீனர்களின் மூன்கேக் (பூரணம் வைத்த வட்டப் பலகாரம்) விழா அவர்களுடைய எட்டாம் மாதத்துப் பௌர்ணமி. பெரும்பாலான வருடங்களில் அதே பௌர்ணமிக்கு மறுநாள்தான் நமக்கு மகாளயபட்சம் ஆரம்பம். அவர்கள் விளக்கேந்தி நிலாவைப் பார்க்கும் இரவைத் தொட்டே நாம் முன்னோர்களை நினைக்கத் தொடங்குகிறோம். அடுத்த அமாவாசை முடிந்ததும் நமக்கு நவராத்திரி. அவர்களுக்கு அதே ஒன்பது நாட்கள் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் கச்சேரி கேட்டுவிட்டு, அப்பர் சிராங்கூன் சாலையில் 1921இல் கட்டிய தோ மூ கோங் கோயிலுக்குப் போனால், வெள்ளை உடுத்திய பக்தர்கள் ஊதுபத்தியோடு நிற்பதைப் பார்க்கலாம். இரு பக்கமும் ஒன்பது இரவு, இரு பக்கமும் விரதம். 2024இல் இரண்டும் அக்டோபர் 3ஆம் தேதி சேர்ந்தே தொடங்கின. இரண்டு நாட்காட்டியிலும் அதிக மாதம் வேறு வேறு சமயம் வருவதால் சில வருடம் ஒரு மாதம் விலகிப்போகும், 2025இல் அப்படித்தான் ஆனது.

இதில் வயிற்றுக்கும் ஒரு லாபம் உண்டு. அந்த நாட்களில் உணவங்காடி நிலையங்களில் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகளில் கூட்டம் நெரியும், வழக்கமாகச் சைவம் சமைக்காத கடைகளும் சமைக்கும். புரட்டாசி விரதம் இருந்துகொண்டு வேலை இடத்தில் எங்கே சாப்பிடுவது என்று தவிப்பவர்கள் அந்த மஞ்சள் கொடியைத் தேடலாம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் மூன்கேக்கில் மட்டும் பார்த்துச் சாப்பிடுங்கள்: நடுவில் உருண்டையாக இருக்கும் மஞ்சள், உப்பில் ஊறிய வாத்து முட்டைக் கரு. விரதக்காரர்கள் தாமரை விதை விழுது மட்டும் வைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும். சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம், பத்து நாள் முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீமிதி. முதல் நாளே கிளம்பும் கூட்டம் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை இரவெல்லாம் நடக்கும். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில் அது, சிங்கப்பூரின் மூத்த இந்துக் கோயில். பூக்குழிக்கு அருகே இடம் கிடைப்பது கடினம். நான் சொல்வது, வழியில் எங்காவது நின்று அவர்கள் நடப்பதைப் பாருங்கள். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, கூடவே தண்ணீர் புட்டியைச் சுமந்து வரும் அண்ணன் தம்பி, சில சமயம் முழுக்க நனைத்துவிடும் மழை. யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை.

தீபாவளிச் சாமானுக்குத் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா)ப் போவதென்றால் வார நாள் காலையில் போங்கள். கேம்பல் லேன் கடைகளில் அப்போதுதான் நின்று பார்த்து வாங்க முடியும். விளக்கு அலங்காரத்துக்காக ஒரு மாலை தனியாகப் போய்வரலாம். பரீட்சை நடக்கும் வீடுகளில் பலகாரம் சுடுவது தள்ளிப்போகும், அதற்காக மனம் வருந்த வேண்டாம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன் சுட்ட முறுக்கும் முறுக்குதான்.

பகிர்வது பற்றிக் கேட்டிருந்தீர்களே, தட்டில் வைத்துக் கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மாடியில் உங்களுக்கு இன்னும் யாரையும் தெரியாது என்றால் தீபாவளிதான் சரியான சாக்கு. மலாய்க் குடும்பத்துக்குக் கொடுக்கும்போது ஹலால் முத்திரை உள்ள கடையில் வாங்கியதை, பிரிக்காத பொட்டலமாகக் கொடுங்கள். அவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும். சீனக் குடும்பத்தில் பெரியவர்கள் சைவ விரதத்தில் இருந்தால் வெங்காயம், பூண்டு இல்லாத நெய் உருண்டை பொருந்தும். தட்டு ஒருபோதும் காலியாகத் திரும்பி வராது. எதிர்வீட்டுப் பாட்டியின் தட்டு எங்கள் வீட்டுக்கு மாண்டரின் ஆரஞ்சோடு வந்திருக்கிறது, ஒருமுறை அந்த ஆர்க்கிட்டின் ஒரு துண்டோடும் வந்தது. இப்போது அது எங்கள் வாசலில் பூக்கிறது.

டிசம்பர் பற்றிச் சுருக்கமாக. வடகிழக்குக் காற்று பலமாகத் தள்ளும் நாட்களில் மழை விடாமல் பெய்து வெப்பநிலை 22, 23 பாகைக்கு இறங்கும். 20 பாகைக்குக் கீழே இங்கே இறங்குவதே மிக அபூர்வம். அதனால் 22 பாகைக்கே பேருந்தில் பாதிப் பேர் ஸ்வெட்டரோடு இருப்பார்கள். மின்விசிறி ஓடாத இரவுகள் வருடத்தில் அவை மட்டுமே. ரசத்துக்கும் சுக்குக் காப்பிக்கும் அப்போதுதான் முழு ருசி.

அதே மழையோடு டுரியானின் இரண்டாம் பருவமும் வரும். பெரிய பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை சின்னப் பருவம் ஒன்று உண்டு, அளவு குறைவு, மலேசியத் தோட்டங்களில் மழை எப்படி என்பதைப் பொறுத்தது. பழம் விழும் சமயம் கனமழை பெய்திருந்தால் சுளை நீர்த்துப்போய் இனிப்புக் குறையும். ஆகவே நாலைந்து நாள் மழை விட்டிருந்த பிறகு வாங்குவது நல்லது. கடைக்காரரிடம் கசப்பு வேண்டுமா, இனிப்பு வேண்டுமா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுளையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், தோல் போல் ஓர் உலர்ந்த மேல்பரப்பு இருக்க வேண்டும், ஈரம் ஒட்டினால் வேறு பழம் கேளுங்கள். உடம்புச் சூடு தணிய மங்குஸ்தான் சேர்த்து வாங்குவது இங்குள்ளவர்கள் வழக்கம். முதல்முறை என்றால் கடை மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். எம்ஆர்டி ரயிலில் டுரியான் கொண்டுபோக அனுமதி இல்லை.